கடலுக்கடியில் கன்னக்கோல்!



திருடன் இருளை நாடுவான், வெளிச்சத்தைக் கண்டால் விலகி ஓடுவான் என்றுதான் நம் பாட்டிமார் நமக்குக் கதை சொன்னார்கள். விளக்கெரியும் வீட்டிலே களவு போகாது என்ற நம்பிக்கையில்தான் மாடத்திலே அகல் எரிந்தது. தெருமுனையிலே கம்பம் நின்றது. அந்தக் கதையைத் திருத்தி எழுத வேண்டிய காலம் வந்துவிட்டது. வங்கக் கடலிலே இன்று நடைபெறும் கொள்ளைக்கு இருட்டும் வேண்டும், விளக்கும் வேண்டும். நிலவில்லா நாளிலே, நீருக்கடியிலே விளக்கை ஏற்றி, விட்டில் பூச்சியை அழைப்பது போல மீனை அழைத்து, குஞ்சும் குருளையுமாக வாரிச் செல்கிறார்களே, அந்தக் கொள்ளையைத்தான் சொல்கிறேன்.

எல்.இ.டி. விளக்கு என்கிறார்கள். கடைத்தெருவிலே கிடைக்கிறது. வீட்டிலே எரிகிறது, வீதியிலே எரிகிறது, நாம் பொதுக்கூட்டம் போட்டால் மேடையிலேயும் எரிகிறது. அந்த விளக்கின் மீது நமக்குப் பகை ஏது? நீல ஒளி தரும் அந்தச் சின்னஞ்சிறு சில்லைப் படைத்துக் காட்டிய அகசாகி, அமானோ, நகமுரா என்ற மூன்று அறிஞர்களுக்கு 2014ஆம் ஆண்டு இயற்பியலுக்கான நோபல் பரிசு கிடைத்தது. குறைந்த மின்சாரத்தில் நிறைந்த வெளிச்சம் தந்ததற்காக உலகம் அவர்களைப் போற்றியது. பகுத்தறிவுப் பாசறையிலே பயின்ற நாமும் போற்றுகிறோம். விளக்கு குற்றவாளி அன்று. விளக்கைக் கன்னக்கோலாக்கிய கரம் எது, அந்தக் கரத்தைக் கண்டும் காணாதது போல் நிற்கும் கண் எது என்பதுதான் கேள்வி.

"கள்ளிக்குப்பத்துக்காரனுக்குக் கடலைப் பற்றி என்ன கவலை?" என்று சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். அம்பத்தூரை அடுத்த எங்கள் ஊரின் பெயரிலே குப்பம் உண்டு. குப்பத்தைத் தழுவும் கடல் இல்லை. ஏரி உண்டு, அலை இல்லை. ஆனால், காலையிலே கூடையைச் சுமந்து வருகிறாளே ஒரு தாய், "நெத்திலி வேணுமா, சங்கரா வேணுமா?" என்று குரல் கொடுக்கிறாளே, அந்தக் கூடையிலே கடல் எங்கள் வாசலுக்கு வருகிறது. காசிமேட்டிலே வலை வறண்டால் அம்பத்தூரிலே, ஆவடியிலே, பூந்தமல்லியிலே குழம்புச் சட்டி வறளும். இன்னொன்றும் உண்டு. 1960களிலே எழுந்த அம்பத்தூர்த் தொழிற்பேட்டையை ஒட்டி வாழும் எங்களுக்குப் பித்தளை கடையும் பட்டறையும் தெரியும். கம்பி பின்னும் கூடமும் தெரியும். நீர் புகாத உறை என்றால் என்ன, ரப்பர் வளையம் எங்கே உட்கார வேண்டும் என்பதும் தெரியும். ஆகவே, கடலுக்கடியிலே எரியும் விளக்கு மாயமன்று, மந்திரமன்று, மனிதன் கையால் மாட்டப்படும் பண்டம் என்று எடுத்துச் சொல்ல எங்களுக்குத் தகுதி இருக்கிறது. அதைத்தான் முதலில் சொல்லப் போகிறேன். அதில்தான் வழக்கே அடங்கியிருக்கிறது.

நீருக்கடியில் எரியும் விளக்கு இரு வகை. ஒன்று, படகின் உடலோடு பொருத்துவது. நீர்மட்டத்துக்குக் கீழே படகின் பலகையிலோ தகட்டிலோ துளை போட வேண்டும். வெண்கலத்திலோ துருப்பிடிக்காத எஃகிலோ ஆன உறையை அந்தத் துளையிலே செருக வேண்டும். சுற்றிலும் கடல்நீர் தாங்கும் பசையைப் பூசி, உள்ளிருந்து மரைபோட்டு இறுக்க வேண்டும். கம்பி நுழையும் வாயை அடைக்க வேண்டும். ஒரு மயிரிழை பிசகினால் விளக்கு மட்டும் போகாது. துளை வழியே கடல் உள்ளே வரும். மற்றொரு வகை, நீண்ட கம்பியின் முனையிலே விளக்கைக் கட்டிக் கிணற்றிலே வாளியை இறக்குவது போல் இறக்குவது. நம் கடலிலே களவுக்குப் பெரிதும் பயன்படுவது இந்த இரண்டாவது வகை. எந்த வகையானாலும் படகின் மேல்தளத்திலே ஒரு ஜெனரேட்டர் உறுமியாக வேண்டும்.

பொருத்தியதோடு தீர்ந்ததா? இல்லை. கடல் சும்மா விடுவதில்லை. சில வாரத்திலே கண்ணாடியின் மேல் பாசி படியும், சிப்பி ஒட்டும்; சுரண்டித் துடைக்காவிட்டால் ஒளி மங்கும். நீரின் குளிர்ச்சியை நம்பிச் செய்யப்பட்ட விளக்கைக் கரையிலே நெடுநேரம் எரியவிட்டால் அதன் சூடே அதைக் கொல்லும். உப்புநீரிலே இருவேறு உலோகங்கள் அருகருகே கூடினால் ஒன்று மற்றொன்றை அரிக்கும். அதைத் தடுக்கத் துத்தநாகக் கட்டி ஒன்றை வைப்பார்கள். வெண்கலம் பிழைக்க வேண்டுமென்று துத்தநாகம் தன்னைத் தேய்த்துக்கொண்டே போகும். தேய்ந்து தீர்ந்ததும் அதை எறிந்துவிட்டு வேறொன்றை மாட்டுவார்கள். தோழர்களே, அந்தத் துத்தநாகக் கட்டியை நினைவில் வையுங்கள். நம் கட்டுமரக்காரனுக்கும் ஃபைபர் படகுக்காரனுக்கும் இந்த நாடு கொடுத்திருக்கும் இடம் அதுதான்.

இத்தனையும் எதற்காக விரித்துரைக்கிறேன்? துளை வேண்டும், உறை வேண்டும், கம்பி வேண்டும், ஜெனரேட்டர் வேண்டும், பொருத்த ஆள் வேண்டும், பராமரிக்கப் பட்டறை வேண்டும். இத்தனை வேண்டும் ஒரு பொருளை ஒளித்துவைக்க முடியுமா? சட்டைப்பையிலே அடங்கும் சரக்கா அது? பிறகு எப்படி, "எங்கள் பார்வைக்கு வரவில்லை" என்று அதிகாரம் கைவிரிக்கிறது?

அந்தக் கேள்விக்கு வருமுன், விளக்கு செய்யும் வேலையைப் பாருங்கள். சிவப்பொளியைக் கடல்நீர் சில மீட்டரிலே விழுங்கிவிடும். நீலமும் பச்சையும் ஆழம்வரை ஊடுருவும். அந்தப் பச்சொளி பட்டதும் நீரிலே மிதக்கும் நுண்ணுயிர்கள் திரளும். அவற்றைத் தின்ன நெத்திலியும் சாளையும் வரும். அவற்றைத் தின்னக் கணவாயும் பாரையும் வரும். ஓரிடத்திலே உணவுச் சங்கிலியே வந்து கூடும். கூடியதும் வலை சூழும். முட்டை சுமந்த தாய்மீன் என்றும் பார்க்காது. விரல் நீளக் குஞ்சு என்றும் பார்க்காது. உண்பதற்கு ஆகாத குஞ்சுகளை என்ன செய்கிறார்கள்? காயவைத்து, அரைத்து, கோழித் தீவனமாக்குகிறார்கள். நாளை மனிதனுக்கு உணவாக வேண்டியதை இன்று மாவாக்கி மூட்டை கட்டுகிறார்கள். பத்து ஃபைபர் படகுகள் பல இடங்களிலே தேடிப் பிடிக்க வேண்டிய மீனை ஒரே படகு ஓரிடத்துக்கு வரவழைத்துவிட்டால், மறுநாள் காலை கரை திரும்பும் அந்தப் பத்துப் படகிலும் என்ன இருக்கும்? எரிந்து தீர்ந்த எண்ணெயின் கடன் இருக்கும். வலையிலே வெறுமை இருக்கும்.

இதை எதிர்த்துக் கேட்டால் மறுமொழிகள் வருகின்றன. ஒவ்வொன்றாக எடுத்து உரசிப் பார்ப்போம்.

"விளக்கு வைத்து மீன் பிடிப்பது தமிழனுக்குப் புதிதா? சங்கப் பாடலிலேயே பரதவர் திமிலிலே சுடர் ஏற்றியது பேசப்படுகிறதே!" என்கிறார்கள். இலக்கியம் படித்தவர்கள் எதிர்ப்பக்கத்திலும் இருப்பது மகிழ்ச்சிதான். ஆம், பேசப்படுகிறது. நெய்தல் நிலத்துப் பரதவன் சிறுபடகிலே சுடரேற்றிச் சென்றான். பின்னாளிலே பெட்ரோமாக்ஸ் விளக்கோடும் சென்றான். அந்தச் சுடர் எட்டிய தூரம் எவ்வளவு? அவன் கைவலை கொண்ட அளவு எவ்வளவு? காற்று அடித்தால் அணையும் சுடர் அது. கைவலித்தால் நிற்கும் வேட்டை அது. கடலுக்கு அவன் விட்டுவைத்தது அவன் எடுத்ததைவிடப் பன்மடங்கு. அரிக்கேன் விளக்கையும் ஆழ்கடல் விளக்கையும் ஒன்றென்பவர், ஏற்றம் இறைத்த கிணற்றையும் இராட்சத மோட்டார் உறிஞ்சும் ஆழ்துளைக் கிணற்றையும் ஒன்றென்பார்கள். சங்கப் புலவனைச் சாட்சிக்கு இழுக்க வேண்டாம். அவன் இந்தக் களவுக்கு உடந்தை அல்லன்.

"விஞ்ஞானத்தை எதிர்க்கிறீர்களே, பகுத்தறிவு பேசும் கட்சிக்கு இது அழகா?" என்கிறார்கள். விஞ்ஞானம் என்ன சொல்கிறது என்பதை முதலில் கேட்கட்டும். இந்தியப் பெருங்கடலின் சூரை மீனுக்காக நாடுகள் கூடி நடத்தும் ஆணையம் 2016ஆம் ஆண்டிலேயே, நாடுகளின் எல்லைக் கடலுக்கு அப்பால், நீரின் மேலோ நீருக்கடியிலோ செயற்கை விளக்கு வைத்து மீனைக் கவர்வதைத் தடை செய்து தீர்மானம் இயற்றியது. இந்தியா அந்த ஆணையத்தில் உறுப்பு நாடு. அந்த ஆணையத்துக்கு ஆராய்ந்து சொல்ல விஞ்ஞானிகள் குழுவே இருக்கிறது. அங்கே முடிவெடுப்பவர்கள் மூடநம்பிக்கைக்காரர்கள் அல்லர். கட்டுப்பாடில்லாத ஒளி எங்கே கொண்டுபோய் விடும் என்பதையும் உலகம் கண்டுகொண்டிருக்கிறது. அர்ஜென்டினாவின் கடல் எல்லைக்கு வெளியே கணவாய் பிடிக்கும் அயல்நாட்டுக் கப்பல்களின் விளக்கொளி, விண்கோள் எடுத்த இரவுப் படங்களிலே பெருநகரம் போல் தெரிகிறது. மனிதன் குடியிருக்காத இடத்திலே மாநகர வெளிச்சம்! அதைத்தான் நாகைக்கும் கடலூருக்கும் எதிரே காண வேண்டுமா?

"நாங்கள் பிடிக்காவிட்டால் வேறு மாநிலத்தான் பிடிப்பான், அயல்நாட்டான் பிடிப்பான்" என்கிறார்கள். திருடனின் தத்துவத்திலே இதுதான் முதல் அத்தியாயம். அண்டை மாநிலங்களிலே என்ன நடக்கிறது என்பதையும் அவர்கள் முழுதாகச் சொல்வதில்லை. கோவாவின் மரபு மீனவர்கள் இந்த விளக்கை எதிர்த்துத் தெருவுக்கு வந்தார்கள். மராட்டியம் 2021ஆம் ஆண்டு தன் கடல் மீன்பிடிச் சட்டத்தைத் திருத்தித் தண்டத்தை இலட்சக்கணக்கிலே உயர்த்தியது. கடலுக்கு அக்கரையிலே முல்லைத்தீவுத் தமிழ் மீனவர்கள், ஒளி பாய்ச்சி மீன் பிடிப்பதைத் தடுக்கக் கோரி 2018ஆம் ஆண்டு போராடினார்கள். ஏழை மீனவன் எந்தக் கொடியின் கீழ் வாழ்ந்தாலும் ஒரே குரலிலே கேட்கிறான். அவன் குரலுக்கு மொழிபெயர்ப்பு தேவையில்லை.

"கடன் வாங்கிப் படகு கட்டியிருக்கிறோம், வட்டி கட்ட வேண்டாமா?" என்கிறார்கள். இந்த ஒன்றிலே மட்டும் உண்மை உண்டு. அதை நாம் மறைக்கவில்லை. விசைப்படகின் சொந்தக்காரர் எல்லாரும் மாடமாளிகையிலே வாழும் கோமான்கள் அல்லர். டீசல் விலை ஏறுகிறது, மீன்வரத்து குறைகிறது, முன்பணம் கொடுத்த வியாபாரி, பிடித்த மீனை அவன் சொன்ன விலைக்கே கேட்கிறான். அந்த நெருக்கடியிலே ஒருவர் விளக்கு மாட்டுகிறார். பக்கத்துப் படகுக்காரர் பார்க்கிறார், அவரும் மாட்டுகிறார். முடிவிலே எல்லாரும் மாட்டியிருப்பார்கள், மீன் மட்டும் இருக்காது, விளக்கு வாங்கிய கடன் புதிதாகச் சேர்ந்திருக்கும். வெல்பவன் யார்? வட்டிக்கு விட்டவன், விளக்கை விற்றவன், தீவனத்துக்குக் குஞ்சு வாங்கியவன். ஆகவே, தடை என்பது ஃபைபர் படகுக்காரனை மட்டும் காப்பதன்று. விசைப்படகுக்காரரையும் அவருடைய பேராசையிலிருந்து, இல்லை, அவருடைய பேரச்சத்திலிருந்து காப்பதாகும்.

வரலாறு இதைச் சொல்லியிருக்கிறது. 1952ஆம் ஆண்டு நார்வே நாட்டோடு ஒப்பந்தம் செய்து, அடுத்த ஆண்டிலே கொல்லத்துக்கு அருகே நீண்டகரையிலே ஒரு திட்டம் தொடங்கினார்கள். ஏழை மீனவனுக்கு எந்திரப் படகு தருவோம், அவன் வாழ்வு மலரும் என்றார்கள். எந்திரம் வந்தது, பின்னால் இழுவைமடி வந்தது, இறால் ஏற்றுமதி வந்தது, பணம் வந்தது. பணத்தின் பின்னால் முதலாளி வந்தான். ஏழை மீனவன் தன் கடலிலேயே கூலியானான். 1970களிலே சென்னைக் கடலில்கூட கட்டுமரத்துக்கும் விசைப்படகுக்கும் மோதல் மூண்டது. மீனவனின் குருதி சிந்திய பிறகுதான் 1983ஆம் ஆண்டு தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் பிறந்தது. கரையோரக் கடல் கட்டுமரத்துக்கு, அதற்கப்பால் விசைப்படகுக்கு என்று கோடு கிழிக்கப்பட்டது. இப்போது பிறந்திருக்கும் விளக்கு அந்தக் கோட்டைக் கேலி செய்கிறது. கோட்டைத் தாண்ட வேண்டியதில்லை. கோட்டுக்கு அப்பால் நின்று, அமாவாசையிலே ஒளியைக் காட்டினால் போதும், மீன் தானே வருகிறது.

"தடைச் சட்டம்தான் இருக்கிறதே!" என்பார்கள். இருக்கிறது. அழகாக இருக்கிறது. 2017ஆம் ஆண்டு நவம்பர் 10ஆம் நாள் டில்லி ஓர் ஆணை பிறப்பித்தது. இந்தியாவின் தனிப்பொருளாதார மண்டலத்திலே, நீரின் மேலோ கீழோ எல்.இ.டி. விளக்கையும் அதற்கான ஜெனரேட்டரையும் மீன்பிடிப் படகிலே பொருத்துவதும் பயன்படுத்துவதும் தடை என்றது. இரண்டு படகு கூடி இழுக்கும் இரட்டைமடியும் தடை என்றது. எல்லைக் கடலுக்குள் நீங்களும் தடை செய்யுங்கள் என்று மாநிலங்களுக்கு அறிவுரையும் வழங்கியது. எட்டாண்டுகள் கழித்து, 2025ஆம் ஆண்டு நவம்பரிலே தனிப்பொருளாதார மண்டல மீன்பிடிக்கென்று புதிய விதிகளை வெளியிட்டபோது, அதிலும் இதே விளக்குக்கு இதே தடையை மீண்டும் எழுதியது. செத்த பாம்பை எவனாவது மீண்டும் அடிப்பானா? பாம்பு சாகவில்லை என்பதை டில்லியே தன் கையொப்பத்தோடு ஒப்புக்கொண்டிருக்கிறது என்பதைத் தவிர இதற்கு வேறென்ன பொருள்?

ஏன் சாகவில்லை? அரசமைப்பைத் திறந்து பாருங்கள். மாநிலப் பட்டியலிலே 21ஆவது இனம்: மீன்வளம். ஒன்றியப் பட்டியலிலே 57ஆவது இனம்: எல்லைக் கடலுக்கு அப்பாற்பட்ட மீன்பிடிப்பு. கரையிலிருந்து 12 கடல்மைல், அதாவது ஏறத்தாழ 22 கிலோமீட்டர் வரை மாநிலத்தின் கை. அங்கிருந்து 200 கடல்மைல் வரை டில்லியின் கை. மீனுக்கு இந்தப் பட்டியல் தெரியாது. களவாடுபவனுக்கு நன்றாகத் தெரியும். மாநிலப் படகு துரத்தினால் 12ஐத் தாண்டி நிற்பான். டில்லியின் படகோ கடத்தலையும் ஊடுருவலையும் பார்க்க வேண்டும்; விளக்கைப் பார்க்க அதற்கு நேரமேது? சுருக்குமடி வலையைத் தமிழ்நாடு 2000ஆம் ஆண்டிலேயே தன் கடலிலே தடுத்தது. ஆனால் 2023ஆம் ஆண்டு ஜனவரியிலே உச்ச நீதிமன்றம், 12 கடல்மைலுக்கு அப்பால், திங்களும் வியாழனும் பகலிலே அந்த வலையை வீசலாம் என்று நிபந்தனைகளோடு இடைக்கால அனுமதி தந்தது. நீதிமன்றத்தை நாம் குறை கூறவில்லை. கோடு அப்படிக் கிழிக்கப்பட்டிருக்கிறது என்பதைக் காட்டுகிறோம். தமிழ்நாட்டுச் சட்டமன்றத்தின் குரல் 22ஆவது கிலோமீட்டரிலே மூச்சடைத்து நின்றுவிடுகிறது. தடை போடும் உரிமை டில்லிக்கு. பசியோடு கரையிலே மறியல் செய்யும் மீனவனுக்கு மறுமொழி சொல்லும் கடமை சென்னைக்கு! மாநில உரிமை என்று நாம் பேசும்போதெல்லாம் "வெறும் கோஷம்" என்று நகைப்பவர்களே, உரிமை இல்லாத இடத்திலே சோறு இல்லை என்பதைக் கடலிலே வந்து பாருங்கள்.

ஆனால் தோழர்களே, டில்லியைச் சாடிவிட்டு நாம் தப்பித்துக்கொள்ள முடியாது. விளக்கு நடுக்கடலிலே முளைப்பதில்லை, துறைமுகத்திலே ஏறுகிறது. துறைமுகம் 12 கடல்மைலுக்கு அப்பாலா இருக்கிறது? ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக்கூடாது. அந்த நாட்களிலேதான் படகுகள் சாய்தளத்திலே கரையேறுகின்றன, பலகை மாற்றுகிறார்கள், பாசி சுரண்டுகிறார்கள், வண்ணம் பூசுகிறார்கள். அந்த நாட்களிலேதான் மீன்வளத்துறை அலுவலர்கள் ஒவ்வொரு படகாகச் சென்று பதிவைச் சரிபார்க்கிறார்கள். நீருக்கடியிலே இருந்த அடிவயிறு வெட்டவெளியிலே வெயில் காய்கிறது. துளை இருந்தால் தெரியாதா? உறை இருந்தால் தெரியாதா? படகின் தேவைக்கு மேற்பட்ட ஜெனரேட்டர் கண்ணிலே படாதா? நான் நாடகம் எழுதுகிறவன். அந்தக் காட்சியை இப்படித்தான் எழுத முடியும்:

அலுவலர்: இது என்ன துளை?

படகுக்காரர்: காற்றோட்டத்துக்கு, ஐயா.

அலுவலர்: நீர்மட்டத்துக்குக் கீழேயா காற்றோட்டம்?

படகுக்காரர்: மீனுக்கு, ஐயா.

அலுவலர்: இந்த ஜெனரேட்டர்?

படகுக்காரர்: பையன்கள் இரவிலே சீட்டாட ஒரு விளக்கு வேண்டாமா?

அலுவலர்: ஒரு விளக்குக்கு இத்தனை பெரிய எந்திரமா?

படகுக்காரர்: பெரிய ஆட்டம், ஐயா.

அலுவலர்: சரி, சரி. எல்லாம் ஒழுங்காக இருக்கிறது. எங்கே கையெழுத்துப் போட வேண்டும்?

சிரிக்கிறீர்கள். காசிமேட்டிலே வெறும் கூடையோடு திரும்பும் தாயால் சிரிக்க முடியவில்லை. எல்லா அலுவலரும் இப்படி என்று நான் கூறவில்லை. கடமை தவறாதவர்கள் உண்டு, படகைச் சிறைபிடித்ததால் பகை தேடிக்கொண்டவர்களும் உண்டு. அவர்கள் கைக்கு வலிமை சேர்க்கத்தான் சொல்கிறேன். கோட்டையிலே எந்தக் கொடி பறந்தாலும் இந்தக் கேள்வியை நாம் கேட்டாக வேண்டும். ஆளுங்கட்சியாக இருந்தால் அடக்கமாகவும், எதிர்க்கட்சியாக இருந்தால் ஆவேசமாகவும் கேட்கும் கேள்வியன்று இது.

இங்கேதான் நம் மேடைகளைப் பற்றியும் ஒன்று சொல்லியாக வேண்டும். கச்சத்தீவு என்று சொன்னால் கைத்தட்டல் கடலாகப் பொங்குகிறது. பொங்கட்டும், 1974ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின் காயம் இன்னும் ஆறவில்லை. மீனவன் சிறைபிடிக்கப்பட்டால் கண்டனக் கூட்டம் போடுகிறோம், போடத்தான் வேண்டும். ஆனால் மீனவனை மீனவன் விழுங்கும்போது? "இரு பக்கமும் வாக்கு இருக்கிறது, இரு பக்கமும் நம் ஆட்கள் இருக்கிறார்கள், இதிலே நாம் தலையிட வேண்டாம்" என்ற முணுமுணுப்பு கேட்கிறது. எதிரியை ஏசுவதற்குத் தொண்டை போதும். வேண்டியவரைத் தட்டிக்கேட்கத்தான் நெஞ்சு வேண்டும். அக்கரையிலே இழுவைமடியை 2017ஆம் ஆண்டு சட்டம் போட்டுத் தடுத்தார்கள். "எங்கள் கடலை வாரிவிட்டுப் போகிறீர்களே" என்று நம்மைப் பார்த்துக் கேட்பவன் யாழ்ப்பாணத்துத் தமிழன். அவன் முகத்தை நேராகப் பார்த்து உறவு பேச வேண்டுமானால், முதலில் நம் துறைமுகத்து விளக்கை நாம் அணைத்திருக்க வேண்டும்.

ஆகவே, என்ன செய்ய வேண்டும்? வெறும் வசை பாடிக் கலைவது நம் மரபன்று. கோரிக்கைகளை வரிசைப்படுத்துகிறேன்.

முதலாவது, 61 நாள் ஓய்வுக் காலத்து ஆய்விலே, சாய்தளத்தில் ஏறும் ஒவ்வொரு படகின் அடிப்பகுதியும், ஜெனரேட்டரின் திறனும் குறிக்கப்பட வேண்டும். அந்தக் குறிப்பு துறைமுகத்து அறிவிப்புப் பலகையிலே எல்லாரும் காண ஒட்டப்பட வேண்டும். ஃபைபர் படகுக்காரரின் பிரதிநிதி ஒருவர் ஆய்வின்போது உடனிருக்க வேண்டும். கன்னம் வைத்த சுவரைக் களவு கொடுத்தவனும் பார்க்கட்டும்.

இரண்டாவது, கடலிலே இறக்கும் பெருந்திறன் விளக்கை விற்பவன், வாங்குபவனின் படகுப் பதிவு எண்ணைக் குறித்துக்கொள்ள வேண்டும். வெடிமருந்து விற்பவனுக்குக் கணக்கு உண்டு. நஞ்சு விற்பவனுக்குக் கணக்கு உண்டு. கடலின் கருவை அழிக்கும் கருவியை விற்பவனுக்கு மட்டும் கணக்கு வேண்டாமா? பயன்படுத்தினால் குற்றம், விற்றால் வியாபாரம் என்பது என்ன நீதி?

மூன்றாவது, 12 கடல்மைலுக்கு அப்பாலும், தன் துறைமுகத்திலே பதிவான படகைத் தடுத்து நிறுத்தும் அதிகாரம் மாநிலத்துக்கு வேண்டும். நம் படகு, நம் பதிவு, நம் மீனவன். அதிகாரம் மட்டும் ஏன் அயலாருக்கு?

நான்காவது, கடனிலே மூழ்கிய படகுக்காரருக்கு மாற்று வழி வேண்டும். 2017ஆம் ஆண்டு பாக் நீரிணைக்கென்று ஒரு திட்டம் அறிவித்தார்கள். இழுவைப் படகைக் கைவிட்டு ஆழ்கடலிலே தூண்டிலும் செவுள்வலையும் கொண்டு சூரை பிடிக்கும் படகுக்கு மாறுங்கள் என்றார்கள். ஒரு படகு 80 இலட்சம் ரூபாய். மூன்றாண்டிலே 2,000 படகு என்றார்கள். அந்த இலக்கின் அருகிலேகூடப் போகவில்லை. அறிவிப்பு விழாவிலே எரிந்த விளக்குகள் அணைந்ததோடு திட்டமும் மங்கிவிட்டது. அந்தத் திட்டத்தை மீனவன் கட்டக்கூடிய தவணையோடு, கற்றுத்தரும் பயிற்சியோடு, பிடித்த மீனுக்கு விலையோடு மீண்டும் எழுப்ப வேண்டும்.

ஐந்தாவது, நாம் விளக்குக்கு எதிரிகள் அல்லர் என்பதைக் காட்ட ஒரு கோரிக்கை. இரவிலே வலைபோட்டுக் காத்திருக்கும் ஃபைபர் படகைப் பெருங்கப்பல் காணாமல் மோதிவிட்டுப் போகும் ஆபத்து இருக்கிறது. அந்தச் சிறுபடகின் கம்பத்திலே வெள்ளை விளக்கு வேண்டும். இடப்புறம் சிவப்பும் வலப்புறம் பச்சையும் வேண்டும். சிறு மின்கலத்திலே இரவு முழுதும் எரியும் எல்.இ.டி. விளக்குகளை அரசு விலையின்றி வழங்கட்டும். அம்பத்தூர்ப் பட்டறைகள் செய்து தரட்டும். உப்பிலே அரிக்காத உறையை எங்கள் தொழிலாளி கடைந்து தருவான். மீனைக் கொல்ல நீருக்கடியிலே எரியும் அதே விளக்கு, மீனவனைக் காக்க நீருக்கு மேலே எரியட்டும். விஞ்ஞானத்தை யார் நேசிக்கிறார்கள் என்பதை அப்போது நாடு தெரிந்துகொள்ளும்.

கழகக் கண்மணிகளே! கடலோர மாவட்டத்துத் தோழர்கள் இந்த ஐந்தையும் கிளைக் கூட்டத்திலே தீர்மானமாக்குங்கள். விளக்குப் படகின் சொந்தக்காரர் நம் கிளைச் செயலாளரின் மைத்துனராக இருக்கலாம். நன்கொடைப் பட்டியலிலே அவர் பெயர் முதலில் இருக்கலாம். அவரிடமும் சென்று கூறுங்கள்: "அண்ணே, உங்கள் பிள்ளைக்கும் மீன் வேண்டும்." உள்நாட்டுத் தோழர்கள், எங்கள் கள்ளிக்குப்பத்தைப் போலக் கடல் காணாத ஊர்க்காரர்கள், மீன் வாங்கும்போது விரல் நீளக் குஞ்சு கூடையிலே கிடந்தால் அது எப்படிப் பிடிபட்டது என்று கேளுங்கள். கேள்வி கேட்கக் கற்றுக்கொடுத்த இயக்கம் இது. கேள்வியைக் கரையோரத்திலேயே நிறுத்திவிட வேண்டாம்.

ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் நீளும் கடற்கரை நமக்கு வாய்த்திருக்கிறது. அதைப் பாட்டன் பாட்டியிடமிருந்து பெற்றோம் என்று பெருமை பேசுகிறோம். பேரனுக்கு எதை விட்டுச் செல்லப் போகிறோம்? உப்பும் அலையும் மட்டுமா? மீன் இல்லாத கடலுக்கு முன்னால் நின்று, "இங்கேதான் ஒரு காலத்தில் பரதவர் வாழ்ந்தனர்" என்று அவனுக்குச் சிலை காட்டப் போகிறோமா? அந்த இழிவு நம் தலைமுறைக்கு வேண்டாம். அடுத்த ஏப்ரல் 15ஆம் நாள் படகுகள் கரையேறும். அன்று சாய்தளத்திலே அலுவலர்கள் மட்டுமல்ல, நம் கொடி பிடித்த தோழர்களும் நிற்க வேண்டும்.